கேஷ் வேறு, காசு வேறு: ஆங்கிலத்துக்குத் தமிழ் வேர் காட்டும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் வேர் கண்டு பட்டியலிடும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். பட்டியல்கள் பல, தொகுப்பவர்களும் பலர். ஆனால் எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல் சில வரிகளுக்குள் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழின் 'காசு'தான் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்றாம். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். வகுப்பில் சொன்னால் தூங்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, இன்னும் என்ன சான்று வேண்டும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

இன்னும் கொஞ்சம் வேண்டும், அன்பர்களே. ஆங்கில அகராதிகளில் 'கேஷ்' என்ற தலைப்பில் ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றே, பிறப்பு வேறு. இன்று உலகம் முழுவதும் 'ரொக்கம்' என்ற பொருளில் புழங்கும் கேஷுக்கும் நம் காசுக்கும் உறவு இல்லை. நம் காசிலிருந்து பிறந்த கேஷ் இன்னொன்று. அதன் கதை நீங்கள் சொல்லும் கதையைவிடச் சுவையானது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு, நம்முடையது அல்லாததைக் கொண்டாடிவிட்டு, நம்முடையதைக் கைவிட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் ரொக்கக் கேஷைப் பார்ப்போம். இலத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. உரோமானியர்கள் நூல்சுருள்களை நிறுத்திவைத்த உருளை வடிவப் பெட்டிக்கும் அதுவே பெயர். கொள்ளுதல், பிடித்தல் என்னும் பொருளுடைய அம்மொழியின் சொந்த வினையடியிலிருந்து வந்தது. நாம் கொள்கலம் என்று சொல்வதற்கு மிக நெருக்கம். இந்தக் காப்சா இத்தாலியத்தில் 'காஸ்ஸா' ஆயிற்று, பிரெஞ்சில் 'கெஸ்' ஆயிற்று. பணப்பெட்டி என்ற பொருளில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து 'கேஷ்' ஆனது. தொடக்கத்தில் பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருந்த பணத்தையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. பிறகு பெட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டி வந்தபோது 'கேஷ் பாக்ஸ்' என்றார்கள். பிறப்பை நினைத்துப் பார்த்தால் பெட்டிப்பெட்டி.

பெட்டி எப்படிப் பணமாக மாறும் என்று ஐயப்படுகிறவர்கள் 'கல்லா' என்ற சொல்லைப் பார்க்கலாம். கல்லா என்றால் பணம் போடும் பெட்டி. ஆனால் 'கல்லா கட்டியது' என்றால் நாம் பெட்டியை நினைப்பதில்லை, வசூலை நினைக்கிறோம். அதே நகர்வுதான் அங்கேயும் நடந்தது. பெட்டிப் பொருள் ஐரோப்பாவில் முழுக்க அழிந்துவிடவும் இல்லை. இத்தாலியரின் காஸ்ஸா, ஜெர்மானியரின் காஸ்ஸெ, ரஷ்யரின் காஸ்ஸா எல்லாம் இன்றும் பணம் செலுத்தும் இடத்தையோ பணப்பெட்டியையோ குறிக்கின்றன. காப்சாவின் மற்ற பிள்ளைகளும் நமக்குப் பழக்கமானவர்கள்தான்: சூட்கேஸில் உள்ள கேஸ், மருந்தை அடைத்த கேப்சூல், லாரியின் சேஸிஸ். எல்லாமே எதையோ அடைத்து வைப்பவை அல்லது தாங்கி நிற்பவை. காசிலிருந்து கேஷ் வந்தது என்றால் இந்தக் குடும்பத்தையும் காசிலிருந்தே பிறப்பித்துக் காட்ட வேண்டிவரும். லாரியின் சேஸிஸைக் காசிலிருந்து வருவிப்பதை ஒருமுறை பார்க்க எனக்கும் ஆசைதான்.

அடுத்து ஆண்டுக் கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில். ஆங்கிலேயர்கள் சென்னையில் இடம் பிடித்தது 1639இல். ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகம் எழுதப்பட்டது 1599ஆம் ஆண்டளவில் என்பது ஆய்வாளர் கருத்து. அதில் ஒரு பாத்திரம் தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்க, இன்னொரு பாத்திரம் கேஷாகவே தந்துவிடுகிறேன் என்கிறது. கம்பெனியே பிறக்கவில்லை, இலண்டன் நாடகமேடையில் அந்தச் சொல் விளக்கம் தேவைப்படாத சொல்லாகப் புழங்குகிறது.

போர்ச்சுக்கீசியர் முன்னரே வந்துவிட்டார்களே, அவர்கள் வழியாகப் போயிருக்கலாமே என்பீர்கள். நியாயமான கேள்வி. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498இல். அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பு, 1494இல், லூகா பாச்சோலி என்ற துறவி வெனிஸ் நகரில் ஒரு கணித நூலை அச்சிட்டு வெளியிட்டார். இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கி அச்சில் வந்த முதல் நூல் அது. அதில் ரொக்கக் கணக்குக்கு அவர் இட்டிருக்கும் பெயர் 'காஸ்ஸா'. காமாவின் கப்பல் புறப்படவே இல்லை.

இன்னும் பின்னால் போய், யவனர்கள் மிளகு வாங்க வந்த காலத்திலேயே காசு உரோமுக்குப் போய்க் காப்சா ஆனது என்று ஒருவர் எழுதக்கூடும். அவருக்கு முன்கூட்டியே பதில்: காசுக்கு நடுவில் ஒரு 'ப்' எப்படி முளைத்தது? நாணயம் ஏன் நூல்சுருள் வைக்கும் பெட்டியானது? இலத்தீனுக்குள்ளேயே பொருத்தமான வினையடி இருக்கும்போது கடல் தாண்டி ஏன் தேட வேண்டும்?

ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் உறவில்லாமல் இருக்குமா என்று வியப்பவர்களுக்கு ஆங்கிலத்திலேயே வேண்டிய அளவு எடுத்துக்காட்டு உண்டு. சூட்கேஸில் உள்ள கேஸ் காப்சாவின் வழி. நீதிமன்றத்தில் நடக்கும் கேஸோ, விழுதல், நேர்தல் என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் சொல்லின் வழி. வங்கியில் இருக்கும் கேஷியர் பெட்டியிலிருந்து வந்தவர். படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து விரட்டுவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றே ஒரு வினை உண்டு. அதற்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை. கணினியில் தரவைத் தற்காலிகமாகச் சேமிக்கும் 'கேஷ்' மூன்றாவது. ஒளித்துவைத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது.

நம் வீட்டிலும் இதே கதைதான். 'மாசறு பொன்னே, வலம்புரி முத்தே, காசறு விரையே' என்று கோவலன் கண்ணகியைப் பாராட்டுகிறானே, அங்கே காசறு என்பதற்குக் குற்றமற்ற என்று பொருள். காசு என்றால் குற்றம் என்றும் தமிழில் ஒரு பொருள் இருக்கிறது. 'பணமில்லாத நறுமணமே' என்று யாராவது உரை எழுதினால் அவரை என்ன செய்வோம்? ஆங்கிலச் சொல் என்றதும் மட்டும் ஏன் அந்தக் கண்டிப்பைத் தளர்த்திக்கொள்கிறோம்?

இந்தக் குழப்பத்துக்கு நல்லெண்ணத்தோடு எண்ணெய் ஊற்றியவர்கள் நம் கலைச்சொல்லாக்கிகள். கேஷியருக்குக் 'காசாளர்' என்றும் செக்குக்குக் 'காசோலை' என்றும் அவர்கள் அமைத்த சொற்கள் அழகானவை, நிலைத்துவிட்டவை. ஒலியும் தோதாக அமைந்துவிட்டதால் வங்கிக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் 'பார், இரண்டும் ஒன்றுதான்' என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அமைத்த சொல்லைச் சான்றாக எடுத்துக்கொள்வது நம் தவறே தவிர, அவர்கள் தவறு இல்லை.

இனி நம் கேஷ்.

காசு தமிழில் மிகப் பழைய சொல். கிளி தன் வளைந்த அலகில் கவ்விய வேப்பம்பழத்தை, நகநுனியால் பிடித்த பொற்காசுக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகைப் பாட்டு ஒன்று. திருவீழிமிழலையில் சம்பந்தர் இறைவனிடம் காசு கேட்கும்போது, வட்டம், அதாவது மதிப்புக் கழிவு, பிடிக்காத காசாகக் கொடு என்று கேட்கிறார். 7ஆம் நூற்றாண்டிலேயே நாணயத்தின் தரம் பார்த்து மதிப்பைக் குறைத்து வாங்கும் வழக்கம் இருந்ததற்கு அந்தப் பதிகத்தைவிட உயிருள்ள சாட்சி கிடைக்காது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசுக் கணக்கு வரிவரியாக ஓடுகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடு சொல்லும்போதுகூட நாள், மலர், காசு, பிறப்பு என்றுதான் பழகியிருக்கிறோம்.

இந்தச் சொல்லைத்தான் போர்ச்சுக்கீசியர் காதில் வாங்கினார்கள். வாங்கி, 'கைஷா' என்று உச்சரித்தார்கள். இந்த இடத்தில்தான் வேடிக்கை. கைஷா என்பது ஏற்கெனவே அவர்கள் மொழியில் இருந்த சொல். அதன் பொருள் பெட்டி. ஆம், அதே இலத்தீன் காப்சாவின் போர்ச்சுக்கீசியப் பேரன். புதிதாகக் கேட்ட காசைத் தங்களுக்குப் பழகிய பெட்டியின் பெயரில் போட்டு வைத்தார்கள். ஆக, நீங்கள் செய்த குழப்பத்தை 500 ஆண்டுகளுக்கு முன்பே மாலுமிகள் செய்துவிட்டார்கள். அந்த வகையில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

கைஷாவைப் போர்ச்சுக்கீசியர் கிழக்குக் கடல் முழுவதும் கொண்டுபோனார்கள். தமிழ்க் கரையின் சிறுநாணயத்துக்கு மட்டுமின்றி ஜாவாவிலும் சீனத்திலும் கண்ட மலிவான நாணயங்களுக்கும் அதே பெயர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டபோது அது 'கேஷ்' ஆயிற்று, அதுவும் ஏறத்தாழ அதே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். இரண்டு கேஷும் இரண்டு திசையிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே மொழிக்குள் வந்து சேர்ந்தன. நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் ஆயிரம் ஆயிரமாகக் கோத்து வைக்கப்பட்ட சீனச் செப்பு நாணயத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் வேறு. ஆங்கிலத்தில் மட்டும் அது இன்றுவரை கேஷ். பழைய நாணயம் சேகரிப்பவர்கள் சீன நாணயத்தைப் பற்றிப் பேசும்போது தமக்கே தெரியாமல் ஒரு தமிழ்ச் சொல்லை உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் இது ஏன் இல்லை?

சென்னையில் கம்பெனியின் கணக்கு இப்படி ஓடியது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பொன் வராகன். பணத்தை அவர்கள் 'ஃபனம்' என்றார்கள், வராகனைப் 'பகோடா' என்றார்கள், காசைக் 'கேஷ்' என்றார்கள். 1803இல் இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய செப்பு நாணயத்தில் '20 கேஷ்' என்று உரோமன் எண்ணோடு பொறித்திருந்தது. 1808ஆம் ஆண்டு பொறித்த இத்தகைய நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. தமிழ்க் கரைக்கு வந்திருக்க வேண்டிய அந்தக் காசுகளை 1980களில் முக்குளித்து எடுத்தார்கள். 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியதும் இந்தக் கேஷுக்கு அங்கே வேலை போய்விட்டது. திருவிதாங்கூரில் மட்டும் இன்னும் நெடுங்காலம், 16 காசு ஒரு சக்கரம் என்று, தாக்குப்பிடித்தது. 1886இல் யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்த நாணயக் கேஷுக்குத் தமிழ்க் காசைத்தான் மூலமாகக் காட்டுகிறது. அந்தப் பதிவைப் பாதி படித்தவர்களிடமிருந்துதான் உங்கள் பட்டியல் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டையும் பிரித்தறிய இலக்கணமே ஒரு வழி தருகிறது. நாணயக் கேஷை எண்ணலாம்: பத்துக் கேஷ், இருபது கேஷ். நம் காசும் அப்படித்தான். ரொக்கக் கேஷை ஆங்கிலத்தில் எண்ண முடியாது. தண்ணீரைப் போல அளவாகத்தான் சொல்ல முடியும். பெட்டிக்குள் கிடக்கும் மொத்தத்தைக் குறித்த சொல் அல்லவா? அதற்குச் சரியான தமிழ் காசு அல்ல, ரொக்கம்.

சொல்லாய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்றை உங்கள் பட்டியல் முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். உண்மையான உறவுச் சொற்கள், காலத்தில் பின்னோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். தற்செயலாக ஒத்தவை பின்னோக்கிப் போகப்போக விலகும். ஒன்று என்பதும் ஆங்கில 'ஒன்' என்பதும் இன்று ஒட்டிப்பிறந்தவை போலத் தோன்றுகின்றன. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஆன்'. இன்று தொடக்கத்தில் கேட்கும் வகர ஒலி இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஏறியது. எட்டும் 'எய்ட்'டும் அப்படியே. தமிழில் பின்னால் போனால் எண்பது, எண்திசை என்று 'எண்' நிற்கிறது. ஆங்கிலத்தில் பின்னால் போனால் ஜெர்மானியரின் 'ஆக்ட்', இலத்தீனின் 'ஆக்டோ' பக்கம் போய்ச் சேர்கிறது. எண்ணும் ஆக்டோவும் ஒரே பந்தியில் உட்காரக்கூடிய உறவினர் அல்லர்.

இஞ்சியைப் பாருங்கள், அதன் வழி வேறு மாதிரி. தென்னிந்திய 'இஞ்சிவேர்' பாலி மொழியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்' ஆகி, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' ஆனது என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. வடமொழியில் இதைக் 'கொம்பு போன்ற உடலுடையது' என்று பிரித்துப் பொருள் சொன்னார்கள். அதுவும் கேட்ட ஒலியைத் தன் வீட்டுச் சொல்லாக வளைத்துக்கொண்ட வேலைதான். போர்ச்சுக்கீசியர் காசைப் பெட்டியாக்கியது போல.

ஒலி ஒப்புமையே போதும் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால் அதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். நம் காசே வடமொழியின் 'கர்ஷ' என்ற எடையளவுப் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சில குறிக்கின்றன. நீங்கள் உடனே கொதித்தெழுந்து சான்று எங்கே, தடம் எங்கே, எந்த நூற்றாண்டு என்று கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். அதே கேள்விகளை ஆங்கிலக் கேஷைப் பற்றிக் கேட்டால் மட்டும் தமிழ்ப்பகைவன் என்று பெயர் வைக்கிறீர்கள்.

கேள்வி கேட்பதால் தமிழுக்கு இழப்பு வராது. 'கறி'யை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் கறியிலிருந்து ஆங்கிலத்தின் 'கர்ரி' வந்தது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆனால் ஆங்கிலப் பெருமிதக்காரர்களில் சிலர், இது எங்கள் சொந்தச் சொல்லாக்கும் என்று கிளம்புவதுண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் சமையற்காரர்கள் தொகுத்த குறிப்புநூலின் பெயரில் 'கியூரி' என்ற சொல் இருக்கிறது. ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் அடுப்படியைச் சேர்ந்ததாகவே இருக்கிறது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கேட்ட குரலாக இருக்கிறதா?

அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இது. அந்தக் கியூரி, சமைத்தல் என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. சமையற்கலை முழுவதையும் குறித்தது, எந்தவொரு பதார்த்தத்தையும் குறிக்கவில்லை. கர்ரியோ, சோற்றின் மேல் ஊற்றும் குழம்பு என்ற பொருளோடு, போர்ச்சுக்கீசியரின் 'கரில்' வழியாக, இந்தியாவைப் பற்றிய எழுத்துகளில்தான் முதலில் தலைகாட்டுகிறது. பொருளைப் பார், வழியைப் பார், காலத்தைப் பார் என்று அவர்களிடம் சொல்கிறோம். அடுத்த பதிப்பில் உங்கள் பட்டியலின் கேஷ் வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 1803ஆம் ஆண்டுச் செப்பு நாணயத்தையும் சீனத்துத் துளைக்காசையும் எழுதிவைத்தீர்கள் என்றால், அதை அவர்களிடம் சொல்லும்போது நம் குரல் தடுமாறாது.

அன்புடன்,
அகராதி புரட்டும் ஒருவர்